படகில் என் பாதி

எட்டு மணி நேரம் படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டுவிட்டுக் கரையேறி, மீன் நிறுக்கும் தராசுக்கு முன்னால் போய் நின்று, "ஒன்றும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். கண்மாய்க்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா அறிவிப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால் போதும், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவும் கச்சாவுமாகச் சேற்றில் இறங்கிவிடும். விரால் கிடைத்தவன் ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவான். கெண்டையும் கெளுத்தியும் கிடைத்தவன் துண்டில் முடிந்துகொண்டு போவான். எங்கள் அப்பத்தாகூட நாலு குறவையாவது பிடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெறுங்கையோடு வீடு திரும்புவது என்ற பேச்சே கிடையாது. இங்கிலாந்தில் அந்த வெறுங்கைக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: பிளாங்க்.

2019 நவம்பரில் பீட்டர்பரோவுக்கு வந்தோம். வந்தோம் என்பதுகூடச் சரியில்லை. மனைவி செவிலியர் வேலைக்கு வந்தாள். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நான் வந்தேன். ஊரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவனுக்கு இங்கே ஒரு கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும் மாதத்தில் இரவு வேலைக்குப் போய்வருகிறவன் சூரியனை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். தெருவில் எல்லோரும் நல்லவர்கள்தான். "ஆல் ரைட்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். முதல் மாதம் முழுக்க நான் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவள் மருத்துவமனையில், நான் கிடங்கில். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்போம். மே 13 அன்று இங்கிலாந்தில் கட்டுப்பாடுகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். காரில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்க் காற்றாட நடக்கலாம், தூண்டில் போடலாம். தேநீர்க்கடை திறக்கவில்லை, முடிவெட்டும் கடை திறக்கவில்லை, தூண்டிலுக்கு அனுமதி வந்துவிட்டது. இந்த நாட்டின் மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது அந்த அறிவிப்பைப் பார்த்தபோதுதான்.

அந்த வாரமே, வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்த பழைய காரில் ரட்லண்ட் வாட்டருக்குப் போனோம். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், ஏறத்தாழ 3,100 ஏக்கர். கொள்ளளவை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன்: நான்கு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். வைகை அணையைவிடக் குறைவு என்று தெரிந்ததில் ஒரு அற்ப சந்தோஷம். க்வாஷ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கை எம்பிங்ஹாமில் மறித்து 1970களில் கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் வராது என்பதால் வெல்லண்ட், நீன் என்ற வேறு இரண்டு ஆறுகளிலிருந்து குழாய் வழியே ஏற்றி நிரப்புகிறார்கள். நெதர் ஹாம்பிள்டன் என்ற ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. நார்மண்டன் தேவாலயத்தை மட்டும் இடிக்க மனம் வராமல், அடிப்பகுதியில் கல்லும் கான்கிரீட்டும் நிரப்பி அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று குளிக்கிற ஆள் மாதிரி இருக்கும். அணை என்று நான் எதிர்பார்த்தது மேட்டூர் போன்ற ஒரு கல்சுவரை. பார்த்தால் புல் மூடிய மண் கரை, நம் கண்மாய்க் கரையேதான், பல மடங்கு உயரத்தில். எனக்குத் தொண்டை அடைத்தது. மனைவி, "கரையைப் பார்த்து அழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நின்று தூண்டிலை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தேன். தக்கை இல்லை, புழு இல்லை, ஈயக்குண்டு இல்லை. நம் தூண்டிலில் எடை முள்பக்கம் இருக்கும். இதில் முள்ளில் கட்டியிருப்பது நாலு இழை நூலும் இறகும், ஊதினால் பறந்துவிடும். அதைத்தான் ஈ என்கிறார்கள். எடை முழுக்கக் கயிற்றில். கயிற்றைப் பின்னால் வீசி, அது காற்றில் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். பொறுக்காமல் வீசினால் சாட்டை சொடுக்கின சத்தம் கேட்கும். அத்தோடு ஈ போயிற்று. இதெல்லாம் அவரே சொன்னது. அரசாங்கம் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்ன காலம் அது. "தூண்டிலே மூன்று மீட்டர், பரவாயில்லை, கேள்" என்றார்.

அவர் கடனாகக் கொடுத்த பழைய தூண்டிலை வைத்துக்கொண்டு, இரவு வேலை முடிந்து வரும் வழியில் பூங்காப் புல்வெளியில் பழகினேன். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல். மாட்டு வண்டிச் சாட்டை பிடித்த கை என்பதால் முதல் இரண்டு வாரம் வெறும் சொடுக்குச் சத்தம்தான். நாயை நடத்திக்கொண்டு வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "ஏதாவது மாட்டியதா?" என்று கேட்டார்கள். புல்வெளியில் என்ன மாட்டும்? ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை அவர்கள் நின்றார்கள்.

பெரியவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், எழுபது தாண்டியவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் அதைத்தான் விரும்புகிறார். எனக்கு நாக்கு கூசுகிறது. பெயர் வரவேண்டிய இடத்தில் லேசாகத் தொண்டையைச் செருமுவேன். ஐந்து ஆண்டாக இப்படித்தான் ஓடுகிறது. அவர்தான் என்னைத் தன் கிளப்பில் சேர்த்துவிட்டார்.

கிளப் போட்டி என்றால் இதுதான்: காலையில் சீட்டுக் குலுக்கி, ஒரு படகுக்கு இருவராகப் பிரித்துவிடுவார்கள். யாரோடு யார் என்று முன்கூட்டித் தெரியாது. படகைக் காற்றுக்குக் குறுக்காக மிதக்கவிட்டு, இருவரும் காற்றடிக்கும் திசையில் முன்பக்கம் வீச வேண்டும். ஸ்காட்லாந்தின் ஏரிகளில் தொடங்கிய முறை என்பதால் லாக் ஸ்டைல் என்று பெயர். உட்கார்ந்தே வீச வேண்டும். ஈயில் எடை சேர்க்கக் கூடாது. நங்கூரம் கிடையாது. படகு வேகமாக ஓடாமல் இருக்க டிரோக் என்ற ஒரு துணியைப் பின்னால் கட்டிப் போடுவார்கள், தண்ணீருக்குள் பாராசூட் போல விரிந்து இழுத்துப் பிடிக்கும். படகின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு அந்தப்பக்கம் அவர் தண்ணீர், இந்தப்பக்கம் என் தண்ணீர். முதல் அரைநாள் எங்கே போவது என்று ஒருவர் முடிவு செய்வார், அடுத்த அரைநாள் மற்றவர். ஒருவர் எட்டு மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது.

2022 ஜூனில் என் முதல் போட்டி. சீட்டில் எனக்கு விழுந்தவர் கிளப்பிலேயே அதிகம் ஜெயிக்கிற ஆள், பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர் போலச் சிக்கனமானவர். முதல் அரைமணி நேரத்திலேயே என் முள் அவர் தொப்பியில் மாட்டியது. அவர் தொப்பியைக் கழற்றி, முள்ளை எடுத்து என்னிடம் கொடுத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "பழைய தொப்பிதான்" என்றார். அத்தோடு நான் சுருங்கிவிட்டேன். வீச்சைக் குறைத்தேன். கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் என் பாதியிலும் ஓரப் பாதியில் மட்டும் வீசிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் உட்காரும்போது, கிடங்கின் உணவறையில், வாடகை வீட்டுச் சமையலறையில் எங்கும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது.

மதியம் இரண்டு மணிக்கு அவர் மோட்டாரை விட்டு விலகி உட்கார்ந்தார். "உன் நேரம். எங்கே?" என்றார். நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குத்தானே தெரியும் என்றேன். நம் ஊரில் இது மரியாதை. அவர் முகம் சுளித்தார். "தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை. விதி அப்படி. பாதிப் படகு உன்னுடையது."

வெயில் ஏறிய தண்ணீரில் மீன் ஆழத்துக்குப் போகும், கண்மாயில் மடைப் பள்ளத்துக்குப் போவது போல. அணைக்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். படகு அங்கே போய் மிதந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மீன் மாட்டியது. இரண்டும் அவருக்கு.

முதல் மீனைப் பிடித்ததும் அவர் செய்ததை நான் மறக்கவில்லை. பிரீஸ்ட் என்ற சின்னத் தடியால் தலையில் ஒரே அடி. பிரீஸ்ட் என்றால் பாதிரியார். கடைசிச் சடங்கு செய்து அனுப்பிவைப்பதால் அந்தப் பெயராம். பிறகு ஒரு நீளமான குறுகிய கரண்டியை மீனின் தொண்டை வழியே இரைப்பைவரை விட்டு, ஒரு திருகு திருகி வெளியே எடுத்தார். வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் அதைக் கவிழ்த்ததும் கரும்பச்சைக் கூழாகக் கிடந்தது மெல்லப் பிரிந்தது. அரைச் சுண்டுவிரல் நீளத்தில் வளைந்த கறுப்புப் புழுக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைக் குஞ்சம். ஒன்று இன்னும் நெளிந்தது. கடிக்காத ஒரு வகைக் கொசுவின் கூட்டுப்புழு, பஸ்ஸர் என்பார்கள். கிண்ணத்தை இரண்டு பேருக்கும் நடுவில், கோட்டின் மேலேயே வைத்தார். எதுவும் சொல்லவில்லை. எதிராளிக்கு வாயால் சொல்லக் கூடாது, கண்ணால் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை என்ற கணக்கு போலும். பார்த்தும் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. அன்று மாலைதான் என் பெயருக்கு நேரே அந்தக் கோடு.

அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் ஈ கட்டப் பழகினோம். நான் ஆரஞ்சுச் சாற்றோடு உட்கார்ந்திருப்பேன். முதலில் கட்டக் கொடுத்தது டயவுல் பாக். வேல்ஸ் மொழியில் குட்டிச்சாத்தான் என்று அர்த்தம். அதன் உடம்புக்குச் சுற்றுவது என்ன என்று பார்த்தால் மயில் தோகை இழை! முருகன் வாகனத்தின் இறகைச் சுற்றிக் குட்டிச்சாத்தான் செய்கிற கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பொட்டலத்துக்குச் சில பவுண்டுகள் கொடுத்து வாங்குகிறார்கள் என்று போனில் சொன்னதும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. கடலைக் கொல்லையில் உதிர்ந்து கிடக்கிறது, ஒரு மூட்டை கட்டி அனுப்பட்டுமா என்றார். இந்தியாவிலிருந்து மயில் தோகை ஏற்றுமதிக்குத் தடை என்பதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே மேசையில்தான் அவர்கள் வாஷிங் லைன் என்கிற முறையையும் கற்றேன். மிதக்கும் ஈ ஒன்றை நுனியில் கட்டி, நடுவில் இரண்டு குட்டிச்சாத்தான்களைத் தொங்கவிடுவது. நமக்குத் துணி காயப்போடுகிற கொடி. நுனி மூழ்காமல் தாங்குவதால் நடுவில் இருப்பவை தண்ணீருக்குள் ஒரே மட்டத்தில் நிற்கும். பஸ்ஸர் மேலெழும் வேளையில் அதை இழுக்காமல் காற்று போகிற போக்கில் விடவேண்டும். சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான பாடம்.

நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கோடைக் கடைசியில் பாசி பிடித்த தண்ணீர் மீனில் மண்வாடை அடிக்கிறது என்று பல பேர் தின்னாமலே விட்டார்கள். கண்மாய் மீனுக்குச் செய்வதைச் சொன்னேன்: கல் உப்பைப் போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். புளிப்புப் பட்டால் அந்த வாடை சிதைந்துவிடும். இப்போது ரயில் ஓட்டுநர் வீட்டு அலமாரியில் ஒரு புளிப் பொட்டலம் இருக்கிறது. நாங்கள் பிடிக்கிற வானவில் டிரவுட் மீன் குழம்புக்கு உதவாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொதியில் கரைந்துவிடும். மிளகாய்த்தூள் தடவிப் பொரிக்கலாம். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்திலேயே இந்த மீனுக்குக் குஞ்சுப் பொரிப்பகம் வைத்தார்கள் என்பதே இங்கே வந்து பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மே மாதப் போட்டியில் சீட்டு மறுபடியும் அந்தத் தொப்பிக்காரரோடு விழுந்தது. காலை முழுக்க அவர் சொன்ன இடம், நார்மண்டனுக்கு எதிரே. தலைக்கு மேலே ஒரு விராலடிப்பான் சுற்றியது. 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து இங்கே குடியேற்றிய பறவை, 2001 முதல் இங்கேயே கூடு கட்டுகிறது. இந்தத் தண்ணீரில் விரால் ஏது? இருந்தாலும் எனக்கு அது விராலடிப்பான்தான். அவருக்கு நான்கு மீன், எனக்கு மூன்று.

இரண்டு மணி ஆனது. மேற்கே மேகம் கறுத்து, காற்று திரும்பியிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "இங்கேயே இன்னொரு முறை மிதக்கலாம். மீன் இங்கேதான் இருக்கிறது" என்றார்.

"வேண்டாம், ஹாம்பிள்டன் பக்கம் போகலாம்" என்றேன்.

"அங்கே ஒன்றும் இருக்காது."

"இருக்காமல் போகலாம்."

அவர் பிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த தேநீரைத் தண்ணீரில் கொட்டிவிட்டு, எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார். நான் டிரோக்கை இழுத்துப் படகில் போட்டேன். சொட்டச் சொட்ட அது அவர் பாதியில் விழுந்தது. காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் மோட்டாரைக் கிளப்பினேன்.