எத்தனை பாகத்துத் தண்ணீர்?

ஆய்வுக் கப்பலில் 22 நாள் இருந்துவிட்டு, துறைமுகத்திலிருந்து ஆட்டோ பிடித்து ராயபுரம் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி சூடு எவ்ளோடா இருந்துச்சு?" அவர் காசிமேட்டிலிருந்து முப்பது வருடம் கடலுக்குப் போனவர். 29.4 டிகிரி என்றேன். "அது எத்தினி பாகத்துத் தண்ணி?" என்றார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், சுமார் 1.8 மீட்டர்; எவ்வளவு ஆழத்துத் தண்ணீர் என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடல் மேற்பரப்பு வெப்பநிலை என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிற எண் உண்மையில் மேற்பரப்பில் எடுத்தது இல்லை. கப்பலின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 5 மீட்டரில், அப்பா கணக்குப்படி மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு துளை இருக்கிறது. அது வழியாக பம்ப் இரவும் பகலும் தண்ணீரை இழுத்து லேபில் உள்ள தெர்மோசாலினோகிராஃபுக்கு, அதாவது தண்ணீரின் சூட்டையும் உப்பையும் விடாமல் பதிவு செய்யும் கருவிக்கு, அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்றே இல்லாத உச்சிவெயிலில் மேலே ஒரு முழம் தண்ணீர் நன்றாகச் சூடாகியிருக்கும், ஐந்து மீட்டருக்கு அந்தச் சூடு இறங்கியிருக்காது. பெருமழை பெய்தால் நல்ல தண்ணீர் மேலேயே மிதக்கும், நம் துளைக்கு அது தெரியாது. செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி பார்ப்பதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோலைத்தான்.

முன்பெல்லாம் கான்வாஸ் வாளியில் மொண்டு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். வாளி மேலே ஏறுவதற்குள் காற்றுபட்டு ஆறிவிடும். எஞ்சினைக் குளிர்விக்க எடுக்கிற தண்ணீரில் அளந்தால் எஞ்சின் அறைச் சூடு கொஞ்சம் சேர்ந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எஞ்சின் தண்ணீரில் அளந்த பதிவுகள் அதிகமாகி, போர் முடிந்ததும் வாளியில் அளந்த பதிவுகள் திரும்பி வந்ததால், 1945-இல் உலகக் கடல்களே திடீரென்று குளிர்ந்த மாதிரி பதிவில் ஒரு பள்ளம் விழுந்தது. அளந்த விதம் மாறியதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

சரி, உப்புக்கு வருகிறேன். தண்ணீரைக் காய்ச்சி உப்பை நிறுப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறோம். சூடு கூடினாலும் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால், வெப்பநிலையில் 1 டிகிரி தவறினால் உப்பளவு (ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய எத்தனை கிராம் உப்பு என்ற எண்) கிட்டத்தட்ட 0.7 தவறிவிடும். இதனால்தான் உப்புக் கணக்குக்கு ஒரு சென்சார் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும், கடலின் சூட்டுக்கு இன்னொன்று துளைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் குழாயில் லேப் வரை வருவதற்குள் தண்ணீர் சூடேறிவிடுகிறது.

இந்தப் பயணத்தில் ஒரு ராத்திரி கடல் முரண்டு பிடித்தது, குழாயில் காற்றுக்குமிழி புகுந்து உப்பளவு ஊசி ஊசியாக விழுந்தது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் குமிழி வந்தால் உப்பு குறைந்த மாதிரி காட்டும். அந்த ஆறு மணி நேரத்தை அப்படியே தள்ளிவைத்தோம். இயந்திரத்தைச் சரிபார்க்கத் தினமும் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்போம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்தைத் துடைத்து, மூடியை இறுக்க வேண்டும். நான் ஒன்றைச் சரியாக மூடவில்லை. தண்ணீர் ஆவியாகி உப்பு கூடிப்போனது, ஒரு நாள் சரிபார்ப்பு வீண். அது இன்னும் மனதை அரிக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நம் வங்கக் கடலுக்காக. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் வந்து கொட்டுவதால் வடக்கே மேல்தண்ணீர் உப்பு குறைந்து இலேசாகிவிடும்; உலகக் கடல்களின் சராசரி 35 என்றால் அங்கே மழைக்காலத்தில் 30-க்கும் கீழே போகும். இலேசான தண்ணீர் மேலே மூடிபோல நின்றுவிட்டால் புயல் வந்து கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் சுலபத்தில் மேலே வராது, புயலுக்குக் கிடைக்கும் சூடும் குறையாது. 2016 டிசம்பரில் வர்தா எங்கள் தெருவில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண் இல்லை.

நவம்பர், டிசம்பரில் கரையோர ஓட்டம் வடக்கிலிருந்து அந்த உப்பு குறைந்த தண்ணீரை எண்ணூர், காசிமேடு வழியாகத் தெற்கே கொண்டுபோகும். அப்போது மறுபடி கப்பல் ஏறுகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இனி பதிவேட்டின் முதல் வரியில் பாகக் கணக்கையும் எழுதுவதாக.