காசா, காதா?

அம்மா மறதி நோயில் கடைசி நான்கு வருசம் என்னைத் தன் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "தறிக்கு நேரமாச்சு, தின்னுட்டுப் போடா தம்பி" என்பார். நானும் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் போனபின் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வயசு 56. நூல் கணக்கில் ஒரு பீஸ் விட்டுப்போனால்கூட, நமக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று வயிற்றைப் பிசையும்.

"ஜீன் டெஸ்ட் ஒண்ணு இருக்குதுங்கப்பா. ஆனா நல்லா யோசிச்சுட்டுப் பண்ணுங்க" என்றாள் மகள். யோசிக்கவெல்லாம் இல்லை. சோமனூரில் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய்விட்டேன்.

போனதும் ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால், முதல் நாள் முழுக்கப் பேச்சுதான். ஜீன் டெஸ்ட் பற்றி விளக்கும் ஆலோசகர் பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். பென்சிலை எடுத்துக் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. அம்மாவின் வட்டம் கறுத்தது. "ஏனுங்கண்ணா, அப்பாவும் அம்மாவும் சொந்தமுங்களா?" அப்பாவுக்கு அம்மா மாமன் மகள் என்றேன். அவர்களுக்கு நடுவே இருந்த கோட்டை ஒட்டி இன்னொரு கோடு இழுத்தார். சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடாம். எங்கள் ஊரை முழுதாக வரைந்தால் பென்சில் மிஞ்சாது. சொந்தத்தில் கட்டினால், ஒரே ஜீன் இரண்டு பக்கமும் இறங்கிப் பிள்ளையிடம் ஜோடியாகச் சேரும் வாய்ப்பு கூடும். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

பார்க்கப்போகும் ஜீனின் பெயர் ஏபிஓஈ. கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கான ஜீன் அது. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. ஆளுக்கு இரண்டு வரும். பெரும்பாலோருக்கு ஈ3தான். ஈ4 இருந்தால் முதுமையில் அல்சைமர் என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது 1993இலேயே தெரிந்த விசயம். ஒன்று இருந்தால் இரண்டு மூன்று மடங்கு, ஜோடியாக இருந்தால் 8 முதல் 12 மடங்கு; ஆனால் அது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பார்த்த கணக்கு. ஈ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே நோய் வருபவர்களும் உண்டு. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, தன் ஜீன் தொகுப்பு முழுவதையும் வெளியிட்டபோது இந்த ஒரு ஜீனை மட்டும் மறைக்கச் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்பவும் பாக்கலாமுங்களா?" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ரத்தம் எடுத்தது ஒரு நிமிசம். கத்திரிப்பூ நிற மூடி போட்ட சின்ன டியூப். அதற்கு முன் ஞாபக சோதனை வைத்தார்கள், அதுதான் வேர்க்க வைத்தது. பத்துச் சொற்களை அவர்கள் வாசிக்க, நான் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு வேலையெல்லாம் கொடுத்து, 20 நிமிசம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். எட்டு வந்தது. இல்லாத சொல் ஒன்றையும் சேர்த்தேன்: காசு. பட்டியலில் இருந்தது காது. தறி ஓட்டுகிறவனுக்கு எதிலும் காசுதான் கேட்கும் என்று சிரித்தேன். ஒரு நிமிசத்தில் மிருகப் பெயர்கள் சொல்லச் சொன்னபோது காங்கேயம் காளை, பர்கூர் மாடு என்று இறங்கிவிட்டேன். "அதெல்லாம் ஒரே மாடுதானுங்கண்ணா" என்று கணக்கில் கழித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஈ3/ஈ4. அந்த ஈ4 அம்மா கொடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா 61 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மறதி வரும் வயசையே அவர் பார்க்கவில்லை. அவர் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஞாபக சோதனை. பத்துக்கு ஐந்து! ஒவ்வொரு சொல்லையும் கேட்கும்போதே 'இது மறக்கப்போகிறது' என்று உள்ளே ஒரு குரல். முடிந்துபோச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். உளவியல் நிபுணர் அலட்டிக்கொள்ளவில்லை. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வைச் சொன்னார். ஈ4 இருக்கும் நல்ல ஆரோக்கியமான முதியவர்களில், அது இருப்பதாகத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட ஞாபக சோதனையில் மோசமாகச் செய்தார்களாம். இருவரிடமும் இருப்பது அதே ஜீன். வித்தியாசம், தெரிந்துகொண்டதுதான். மகள் யோசிக்கச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் அவர் என் பழைய தாளைப் புரட்டி, 'காசு' என்று வட்டம் போட்டிருந்ததைக் காட்டினார். "தறிக்குடோன்ல எத்தனை வருசமுங்க?" முப்பத்திரண்டு. நேராகக் காது பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த ரிப்போர்ட்டின் வரைபடத்தில் கீச்சுக் குரல் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. 'ச', 'த' எல்லாம் அங்கேதான் குழம்புமாம். சரியாகக் காதில் விழாத சொல்லை எங்கே ஞாபகம் வைப்பது? 2024இல் லான்செட் இதழின் நிபுணர் குழு, டிமென்சியா எனும் மறதி நோய்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று 14 காரணங்களைச் சொன்னது. காது மந்தமும் அதில் ஒன்று. பிரசர், சர்க்கரை, கெட்ட கொழுப்பும் உண்டு. எனக்குக் கெட்ட கொழுப்பும் இருந்தது. அதற்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் நான் போனது ஜீன் பார்க்க.

இப்போது வீட்டில் காது மிசின், குடோனில் காதடைப்பான். வேலை செய்யும் ஆறு பேருக்கும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேர்தான் போடுகிறார்கள். தம்பியிடம் டெஸ்ட் எடுத்ததைச் சொன்னபோது, "ரிசல்ட்டை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்கண்ணா" என்றான். சொல்லவில்லை. காது பார்க்க மட்டும் அடுத்த வாரம் கூட வருகிறான்.