ஈடிசி ஃபோல்டர பென்டிரைவ்ல போட்டு வச்சா அது பேக்கப் இல்லைங்க

போன மாசம் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி ஈடிசி (/etc) ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சேன், சிஸ்டம் செட்டிங்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான இருக்குனு. காப்பி ஆகும்போதே வரிசையா நிறைய எரர் ஓடுச்சு, கவனிக்கல. அப்கிரேட் பாதியில கரண்ட் போயி, திரும்ப வந்தப்ப நெட்வொர்க் வரல, பிரின்டர் வரல. சரி பழசு இருக்கேனு, ஓனர் பெர்மிஷன் எல்லாம் மாறாம வரட்டும்னு காப்பி கமாண்டுல (cp) ஹைஃபன் ஏ (-a) ஆப்ஷன் போட்டு பென்டிரைவ்ல இருந்து திருப்பி காப்பி பண்ணேன்.

அடுத்து சுடோ (அட்மின் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்டுறது) அடிச்சா, யாருக்கு அந்த அதிகாரம்னு எழுதியிருக்கிற சுடோயர்ஸ் ஃபைலோட ஓனர் 1000, அது 0-வா (அதாவது ரூட், சிஸ்டத்தோட அட்மின்) இருக்கணும்னு சொல்லி வேலை செய்யவே மாட்டேங்குது.

விஷயம் என்னன்னா, கடையில வாங்குற பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 இல்லனா எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மட்லதான் இருக்கும். அதுல லினக்ஸோட ஓனர், பெர்மிஷன் எழுதி வைக்க இடமே கிடையாது, சிம்லிங்க்கும் (வேற ஃபைல காட்டுற ஷார்ட்கட் மாதிரி) வைக்க முடியாது (எனக்கு ஓடுன எரர் அதுதான்). சொருகுனதும் எல்லா ஃபைலும் லாகின் பண்ணவரோட பேர்லதான் தெரியும், அந்த 1000 நான்தான், இன்ஸ்டால் பண்ணும்போது போடுற முதல் யூசர். சுடோ கூட பரவால்ல, பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்ட உருமாத்தி வச்சது) இருக்குற ஷேடோ ஃபைல் யார் வேணா படிக்கிற மாதிரி 644-ல நிக்குது, அத பாத்ததும்தான் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு.

லைவ் யுஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாமலே மின்ட் ஓடுற பென்டிரைவ்) போட்டு பூட் பண்ணி சரி பண்ணேன். மொத்தத்தையும் ரூட் பேருக்கு மாத்திட்டு, சுடோயர்ஸுக்கு 440, ஷேடோவுக்கு 640-னு பெர்மிஷன் போட்டேன். ஆனா எல்லாமே ரூட் க்ரூப் இல்ல, ஷேடோ ஃபைலுக்கு ஷேடோ க்ரூப், பிரின்டர் ஃபைலுக்கு எல்பி க்ரூப்னு தனித்தனியா இருக்கு. அதுக்கு கைகொடுத்தது லைவ் யுஎஸ்பிதான், அதுக்குள்ளயே கெடாத ஒரு ஈடிசி இருக்கு இல்லையா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து பாத்து மாத்துனேன், முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு.

இப்ப பண்றது ரெண்டு. ஒண்ணு, ஈடிசிய ரூட்டா இருந்து டார் ஃபைலா (மொத்த ஃபோல்டரையும் ஒரே ஃபைலா கட்டுறது) கட்டி வைக்கிறேன், ஓனரும் பெர்மிஷனும் சிம்லிங்க்கும் அந்த டாருக்குள்ளயே இருக்கிறதால பென்டிரைவ் ஃபேட்32-ஆ இருந்தாலும் கவலை இல்ல. லைவ் யுஎஸ்பியில இருந்து பிரிக்கிறதா இருந்தா நியூமெரிக் ஓனர் (--numeric-owner) ஆப்ஷன் கண்டிப்பா போடுங்க, இல்லனா டார் க்ரூப் பேர வச்சு லைவ் சிஸ்டத்தோட நம்பர போட்டுடும், அது உங்க சிஸ்டத்துல வேற க்ரூப்பா இருக்கலாம்.

ரெண்டாவது டைம்ஷிஃப்ட், சிஸ்டத்த அப்பப்ப ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிற புரோகிராம். மின்ட்ல 18.3-ல இருந்தே கூட வருது. வெளி ஹார்ட் டிஸ்க்ல ஈஎக்ஸ்டி4 (ஓனர், பெர்மிஷன் எல்லாம் வைக்கிற லினக்ஸ் ஃபார்மட்) பார்ட்டிஷன் ஒண்ணு போட்டு அதுல எடுக்கிறேன். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் முழு சிஸ்டம் மாதிரி தெரியும், ஆனா மாறாத ஃபைல் எல்லாம் ஹார்ட் லிங்க்தான் (திரும்ப காப்பி பண்ணாம பழைய ஃபைலயே காட்டுறது), அதனால முதல் தடவைதான் நிறைய இடம் சாப்பிடும், அப்புறம் மாறுன ஃபைலுக்கும் புது ஃபைலுக்கும் மட்டும்தான். ஹோம் ஃபோல்டர மட்டும் நாமளா சொல்லாம அது எடுக்காது, போட்டோ எல்லாம் அதுல பத்திரமா இருக்குனு நினைச்சிடாதீங்க, அதுக்கு தனியா எடுக்கணும்.

நேத்து டார தனி ஃபோல்டர்ல பிரிச்சு பாத்தேன். ஷேடோ: ஓனர் ரூட், க்ரூப் ஷேடோ, 640.