மாங்கனித் திருவிழாவில் புனிதவதியார்

ஆனிப் பௌர்ணமி அன்று காரைக்காலில் கால் வைக்க இடமிருக்காது. பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் (பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவன்) வீதியுலா வர, வாசலுக்கு வாசல் தட்டு நிறைய மாம்பழத்தோடு அர்ச்சனைக்குக் காத்திருக்கிறார்கள். சப்பரம் நகர்ந்ததும் மாடிகளிலிருந்து பழங்களை இறைக்கிறார்கள். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா முந்தானையை விரித்து ஒன்றைப் பிடித்தார். பிடித்த கையோடு அதைப் பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு போயே விட்டார். நன்றி சொல்லக்கூட அந்தப் பெண்ணுக்கு அவகாசமில்லை.

காரைக்கால் அம்மையார் என்று நாம் அறியும் புனிதவதியார் ஊரில் இதைப் பார்த்தது மனதில் தைத்தது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு அவர் படைத்தார். கறி இன்னும் ஆகவில்லை, சோறு மட்டும் இருந்தது. பிறகு சாப்பிட வந்த பரமதத்தன் மிச்சமிருந்த பழத்தை உண்டு, ருசி பிடித்துப்போய் இன்னொன்றையும் கேட்டான். அம்மையார் உள்ளே போய் இறைவனை நினைத்தார். கையில் ஒரு கனி வந்தது. அதைக் கொண்டுவந்து பரிமாறினார், அவ்வளவுதான். ‘எனக்காக ஈசன் தந்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் சுவை வேறாக இருக்கவே கணவன் துருவிக் கேட்டான். அருளை வெளியே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அடக்கம் என்றால் எனக்கு இந்த இடம்தான். நம் வீடுகளில் ‘பொம்பளப் பிள்ளை அடக்கமா இரு’ என்றால் பெரும்பாலும் ‘பேசாதே’ என்றுதான் பொருள். அம்மையார் பயந்து அடங்கியவர் அல்லர். தன் பெருமையைத் தானே பேச மாட்டார். உண்மையைக் கேட்டால் மறைக்கவும் மாட்டார். வள்ளுவரும் அடக்கமுடைமையை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகத்தான் வைத்தார்.

பயந்துபோனது பரமதத்தன்தான். கடல் வாணிபம் என்று கிளம்பியவன், பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்து, ‘இவர் தெய்வம்’ என்றான். உறவினர்கள் திகைத்து நிற்க, அம்மையார் அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம், பேய் வடிவம் தா என்று இறைவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அதற்கப்புறம் அவர் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள். அவற்றில் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறிப்பிடுகிறார். கயிலையில் ஈசன் ‘அம்மையே’ என்று அழைத்தபோதும் அவர் பதவி எதுவும் கேட்கவில்லை. இன்ப அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்றார். தன் ஆட்டத்தைக் காண ஈசன் அவருக்குக் காட்டிய திருவாலங்காட்டுக்குத்தான் நான் அடுத்து போக வேண்டும்.