கூப்பர் பிளாக்

இன்று காலை முழுக்க ஒரே ஒரு ஆங்கில எழுத்துருவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பர் பிளாக். ஈஸிஜெட் விமானங்களில் ஆரஞ்சு நிறத்தோடு வருமே, அதேதான்.

சிகாகோவில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்த ஆஸ்வால்ட் கூப்பர் உருவாக்கியது, 1922இல் வெளிவந்தது. இவ்வளவு தடிமனாக எழுதினால் சாதாரணமாக ஒரு முரட்டுத்தனம் வந்துவிடும், அதட்டுவது போல இருக்கும். இது அதட்டவே இல்லை. காரணம் அதன் ஓரங்கள். கூர்முனை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எழுத்தின் பாதங்கள்கூட மழுங்கி, நன்றாக உப்பிய பணியாரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். 'O' எழுத்தின் உள்துளை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில்தான் கையால் வரைந்த உயிர் இருக்கிறது என்பேன்.

இந்த மழுங்கலால் அச்சிலும் ஒரு லாபம் உண்டு. மட்டமான தாளில் மை கொஞ்சம் பரவினாலும் வடிவம் கெட்டதாகத் தெரியாது.

1960, 70களில் இசைத்தட்டு உறை, டி-ஷர்ட், கடைப் பலகை என்று எங்கும் இதுதான். இரண்டு மூன்று சொற்களுக்கு, பெரிய அளவில், எழுத்துகளை நெருக்கி வைத்தால் அவ்வளவு அழகு. பத்திக்கு மட்டும் வேண்டாம். சின்ன அளவில் உள்துளைகள் அடைத்துக்கொள்ளும், படிக்க முடியாது.

சரி, உங்களுக்குப் பிடித்த தடித்த எழுத்துரு எது? சொல்லுங்கள்.