ஆந்த்ரே வார்டு எதில் கெட்டி?

குத்துச்சண்டை என்றாலே டைசனின் அடி, அலியின் கால் வேகம் என்றுதான் பேச்சு ஓடும். அமெரிக்க வீரர் ஆந்த்ரே வார்டு பெயரை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். 2017இல் விலகும்போது 32 சண்டை, 32 வெற்றி. நாக்அவுட் அதில் சரிபாதி, 16.

ஒரே குத்தில் சாய்க்கிற கை இல்லை. அசரவைக்கும் வேகமும் இல்லை. ஆனால் தள்ளி நின்றால் ஜாப் (முன்கையால் சட்டென்று நேராக விடும் குத்து), நெருங்கினால் கட்டிப்பிடித்தபடியே விலாவில் குத்து. எதிராளிக்கு எந்த தூரம் ஆகாதோ அங்கேயே நிற்பார். (கட்டிப்பிடிப்பது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன்.)

2016இல் ரஷ்ய வீரர் கோவலெவுடன் மோதினாரே, இரண்டாவது ரவுண்டிலேயே தரையில் கிடந்தார்! எழுந்தவர் பதறவில்லை. மெல்ல மெல்ல சண்டையைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று நடுவர்களும் 114-113 என்ற புள்ளியில் வார்டுக்கே வெற்றி கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஏழு மாதம் கழித்து மறுபடி மோதினார்கள். வயிற்றையும் விலாவையும் குறிவைத்தே அடித்து எட்டாவது ரவுண்டில் முடித்துவிட்டார்.

ஹைலைட்ஸ் பார்த்தால் இவர் போரடிப்பார். முழுச் சண்டையும் பாருங்கள். பாதி ரவுண்டுகள் தாண்டியதும் எதிராளியின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.