வலது காலை முன்னுக்கு வைத்து

மூன்று நாளாக இடது பக்கம் சரிந்துதான் உட்காருகிறேன். கந்தோரில் கேட்டவர்களுக்கு மோட்டார் சைக்கிள் சறுக்கியது என்று சொல்லிச் சமாளித்தாயிற்று. உண்மை இதுதான்.

அக்காவின் மகன் டொரொன்டோவிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் சொக்லேட் வரும், சென்ட் போத்தல் வரும். இவன் தூக்கிக்கொண்டு வந்தது ஸ்கேட்போர்ட், நாலு சில்லுப் பூட்டிய சறுக்குப் பலகை. அம்மா அதைக் கண்ட அன்றே கேஸ் சிலிண்டரை அதில் ஏற்றி, விறாந்தையிலிருந்து குசினிவரை தள்ளிக்கொண்டு போனா. "நல்ல சாமான் மனே" என்று பாராட்டு வேறு. பொடியன் அழாத குறை. ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தை ஒட்டி அழுத்திய பலகையாம். இருக்கட்டுமே, சிலிண்டருக்கு அது தெரியவா போகிறது?

பின்னேரம் எங்கள் கல்லடி ஒழுங்கையில் பழக இறங்கினான். கொங்கிறீட் போட்ட நாள்முதல் அதில் மிளகாய் காய்ந்தது, மீன்காரரின் சைக்கிள் ஓடியது, வேறு விசேஷம் இல்லை. பின்காலால் பலகையின் வாலை அடிக்கிறான், முன்காலை உரசி மேலே இழுக்கிறான். கை படாமலே பலகை காலோடு எழும்புகிறது. 'ஒலி' (ollie) என்று பெயராம். எழும்புவது அரை அடிதான். அந்த அரை அடிக்கு ஒரு மணித்தியாலத்தில் 41 தரம் தவறினான். எண்ணியது நான். எனக்கு வேறென்ன வேலை?

1950களில் கலிபோர்னியாவில் சர்ஃபிங் ஆட்கள், கடலில் அலை இல்லாத நாளில் தரையில் சறுக்கத் தொடங்கிய விளையாட்டு என்றான். அறுகம்பையில் அலை படுக்கும் மாரி காலத்தில் நம்ம ஆட்களும் சேர்ந்து படுத்துவிடுவதால் அந்தப் பெருமை நமக்குத் தவறிப்போயிற்று. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இதைச் சேர்த்தபோது, பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் எடுத்த மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. அந்த வயதில் நான் அப்பாவின் சைக்கிள் பாருக்குள்ளால் காலை விட்டு ஓடி, வேலிக்குள் விழுந்துகொண்டிருந்தேன்.

"மருமகன், எனக்கும் ஒருக்காத் தாங்க" என்றேன். வாய்தான் எனக்குச் சத்துரு.

"முதல்ல எந்தக் கால் முன்னுக்கு என்று பார்க்கவேணும் மாமா" என்றவன், சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து ஒரு தள்ளு. படுவான்கரையிலிருந்து வந்த தயிர் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றேன். வலது கால் முன்னுக்கு.

"நீங்க கூஃபி மாமா."

இடது காலை முன்னுக்கு வைத்தால் 'ரெகுலர்', வலது என்றால் 'கூஃபி', கிட்டத்தட்ட மக்கு என்ற மாதிரி. புது வீட்டுக்கும் புதுப் பெண்ணுக்கும் வலது காலைத்தானே முன்னுக்கு வைக்கச் சொல்கிறோம்? மொத்த ஊரும் கூஃபி!

சரி, ஏறினேன். பலகை முன்னால் போனது. நான் போகவில்லை.

சத்தம் கேட்டு வந்த மனைவி, "இந்த வயசில தேவையா?" என்றாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அன்டி மக்டொனால்ட் என்றவர் பிரிட்டனுக்காக 51 வயதில் ஸ்கேட்போர்ட் ஓடினார் என்று கிடந்தபடியே எடுத்துவிட்டேன். "அவர் ஒலிம்பிக்குக்குப் போனவர். நீங்க சந்திக்கே ஆட்டோவில போற ஆள்."

இரவு அம்மா நோ எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தா. நான் குப்புறப் படுத்துக் காத்துக்கிடக்க, பக்கத்தில் காலை நீட்டியிருந்த பேரனின் முழங்காலுக்குக் கீழே அவவின் கண் போயிற்று. முன்னெலும்பு முழுக்கப் பலகை அடித்த வடுக்கள். பழையது, புதியது, இன்றைக்கு வந்தது. அம்மா ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தா.

"இவ்வளவும் விழுந்ததா மனே?"

"இல்ல அம்மம்மா, பழகினது."

அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்து, பாதம்வரை நீவிவிட்டா.

எண்ணெய் முடிந்துவிட்டது. நான் இன்னும் குப்புறத்தான் கிடக்கிறேன்.